இஸ்திரி வைத்ததும் பளபளப்பு போய்விட்டது: சீனாவின் டோங் மக்கள் சட்டை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஊசிநூல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டியில் 28 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை, எப்போதாவது பரதநாட்டிய உடுப்பு. துணியைத் தொட்டுப் பார்த்தே என்ன நூல், சாயம் நிற்குமா, சுருங்குமா என்று சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. போன வாரம் அது இறங்கியது.

என் பெண் சீனாவில் குய்சோ மாகாணத்தில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். அங்கே ஆஸ்பத்திரியில் பழகிய ஒரு நர்ஸ் பெண் டோங் என்ற இனத்துப் பெண்ணாம். லீவில் ஜாவோசிங் என்ற தன் ஊருக்குக் கூட்டிப் போய், பாட்டி நெய்து சாயம் போட்டுத் தைத்த ஒரு சட்டையும் பாவாடையும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். என் பெண்ணிடம் கேட்டால், "பாட்டி கொடுத்தாங்கம்மா, அவ்வளவுதான் தெரியும்" என்கிறாள். இங்கே எழுத வேண்டிய பரீட்சைக்கு முட்டி மோதிக்கொண்டிருப்பவளை இதற்கு மேல் தொந்தரவு செய்ய மனசில்லை.

சட்டையைச் சொல்கிறேன். கறுப்பு என்று நினைத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் கருநீலம். சாய்த்துப் பிடித்தால் பழைய செப்புக்குடம் போல ஒரு சிவப்பு மினுக்கல். மடித்தால் காகிதம் போலச் சரசரக்கிறது. முதலில் ரெக்சின் பூசியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். உள்பக்கம் திருப்பினால் சுத்தமான பருத்தி, கைத்தறி, இழை எண்ணிவிடலாம். பன்னா வெறும் 14 அங்குலம். அத்தனை குறுகலான துணியில் ஆள் போடுகிற சட்டையை எப்படித் தைத்தார்கள் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். டார்ட் இல்லை, தோளில் வெட்டு இல்லை, கைக்குழி வளைவு இல்லை. எல்லாம் நேர்க்கோடு. முன்னால் திறந்தே இருக்கிறது, பட்டனும் இல்லை, காஜாவும் இல்லை. மறந்துவிட்டார்களா?

பாவாடை இன்னொரு அதிசயம். கயிறு மாதிரி முறுக்கி நூலால் கட்டியிருந்தது. அவிழ்த்தால் முழங்கால் உயரத்துக்கு, நகத்தளவுகூட இல்லாத கொசுவம், ஒன்றன் பக்கத்தில் ஒன்று. 421 வரை எண்ணினேன், அப்புறம் அடுப்பில் சாம்பார் தீய்ந்த வாசம் வந்தது.

இப்போது தப்பு செய்த கதை. சட்டையில் ஒரு வாசம் இருந்தது. கெட்ட நாற்றம் இல்லை, சாணி மெழுகிய பழைய வீடு மாதிரி. துவைத்துவிடலாம் என்று ஓரத்தை மட்டும் தண்ணீரில் முக்கினேன். வாளி நீலம். பயந்து எடுத்துக் காயவைத்து, சுருக்கத்தை எடுக்க இடது கை ஓரத்தில் நீராவி இஸ்திரி வைத்தேன். எடுத்துப் பார்த்தால் இஸ்திரிப்பெட்டியின் மூக்கு வடிவத்தில் பளபளப்பு போய், அந்த முக்கோணம் மட்டும் மங்கலாக நிற்கிறது.

இது என்ன பூச்சு? மறுபடி வரவைக்க வழி உண்டா? துவைக்கலாமா கூடாதா? பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை.

---

சும்மாவந்தவன்

சைனா மால் அக்கா. சாயம் போகும், பூச்சும் போகும். அப்புறம் சீன உடை என்றால் கழுத்து மூடி, உடம்பை ஒட்டி, பக்கத்தில் பிளந்த பட்டு கவுன்தானே? இது வேறு ஏதோ பழங்குடி உடை போலிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களோ?

---

தாழிநீலம்

மேலே எழுதியவரே, பாட்டி நெய்த துணியை மால் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

அக்கா, நான் திண்டிவனம் பக்கம் அவுரிச் சாயம் போடுகிறவன். 2018இல் அறுவடை முடிகிற சமயம் அதே ஜாவோசிங்கில் 16 நாள் தங்கியிருந்தேன், இந்தத் துணி எப்படி வருகிறது என்று பார்க்கத்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பதை அங்கே பளபளத் துணி என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ரெக்சினும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. அந்த மினுக்கல் முட்டை வெள்ளைக்கரு, மாட்டுத்தோல் வஜ்ஜிரம் (தோலை வேகவைத்து எடுக்கிற பசை), அதற்கு மேல் மரச்சுத்தி அடி. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த "இவ்வளவு"க்குப் பல வாரம் ஆகும்.

முதலில் நீலம். நம் ஊர் அவுரி வேறு, அவர்கள் செடி வேறு. அவுரி பயறு வகையில் சேர்ந்தது. அவர்களுடையது ஸ்ட்ரோபிலாந்தஸ் இனம். நீலகிரியில் 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நம் குறிஞ்சி இருக்கிறதே, அதற்கு நேர் பங்காளி. மலைச்சரிவில் ஈரநிழலில் நன்றாக வருகிறது. இலையைப் பறித்துத் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, சக்கையை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு போட்டு நுரை பொங்கக் கலக்குகிறார்கள். அடியில் நீலச் சேறு படியும். இது வரைக்கும் நம் ஊர் வேலை மாதிரியேதான். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆட்கள் தொட்டியில் இறங்கி நின்று தண்ணீரை அடிப்பார்கள், அங்கே ஒரே பாட்டி நீளக்கம்பை வைத்துக்கொண்டு தனியாக அடித்தார்.

சேற்றை மரப்பீப்பாயில் போட்டு, அடுப்புச் சாம்பலை வடித்த காரத்தண்ணீரும் அரிசிச் சாராயமும் விடுகிறார்கள். நாங்கள் தாழியைப் புளிக்கவைக்கத் தகரை விதையை வேகவைத்துப் போடுவோம், அவர்களுக்குச் சாராயம். தாழி உயிரோடிருக்கிறதா என்று பாட்டி விரலை விட்டு நக்கிப் பார்த்தார். எனக்கும் ஒரு விரல் கொடுத்தார். உப்பும் காரமும் கலந்து, பின்னால் லேசாக ஒரு இனிப்பு. நான் தலையாட்டியதும் பாட்டி சிரித்ததில் பல்லெல்லாம் நீலம்.

துணியை முக்கி எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சை. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இதில் எந்த ஊர்க்காரனுக்கும் ஆச்சரியம் தீராது. காலையில் முக்கு, அலசு, காயவை, மாலையில் மறுபடி. இப்படி நாள்கணக்கில். நீலம் இழைக்குள் புக இடமில்லாமல் மேலேயே தங்க ஆரம்பிக்கும்போதுதான் நீங்கள் சொன்ன செப்புக்குட நிறம் எட்டிப் பார்க்கும். சில வீடுகளில் சிவப்புக்காக ஒரு கிழங்கின் சாற்றிலும் முக்குவார்கள்.

அப்புறம் அடி. தட்டையான கல்லின் மேல் துணியை மடித்துவைத்து, இரண்டு கைக்கும் அடங்கிய மரச்சுத்தியால் அடிக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் அந்த ஊரில் நடந்தால் எந்தச் சந்திலும் அந்தச் சத்தம்தான். டொக், டொக், டொக். முதல் இரண்டு நாள் தூங்கவில்லை, மூன்றாம் நாள் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. அடிக்க அடிக்க இழை நசுங்கித் தட்டையாகி, இடைவெளி அடைபடும். காற்று உள்ளே புகாது. தூறலைக்கூடக் கொஞ்சம் தாங்கும். நடுவில் தோல் வேகவைத்த வஜ்ஜிரத் தண்ணீரில் ஒரு முக்கு, விறைப்புக்கு. பிறகு சோறு வேகவைக்கும் அதே மர ஆவிச்சட்டியில் துணியைச் சுருட்டிவைத்து ஆவி காட்டுகிறார்கள். கடைசியில் வெள்ளைக்கரு பூசி மறுபடி அடி. நான் பார்த்த அன்று பாட்டி 14 முட்டை உடைத்தார். மஞ்சள்கரு அத்தனையும் ராத்திரிக் குழம்பில் வந்தது.

வாசத்துக்குக் காரணம் இதுதான். நீலம், சாம்பல், தோல், முட்டை. அது போகாது, போகவும் விடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். துவைக்காதீர்கள். வெள்ளைக்கருப் பூச்சுக்குத் தண்ணீர்தான் எதிரி, அதிலும் நீராவி பட்டால் கேட்கவே வேண்டாம். நான் பார்த்த வீடுகளில் திருவிழாச் சட்டையைத் துவைப்பதே இல்லை. நிழலில் காயப்போட்டு உதறி மடித்துவைப்பதோடு சரி. தினமும் போடுவது வெளிறினால் மறுபடி தாழியில் முக்குவார்கள். கையில் நீலம் ஒட்டுவது சாயம் மட்டம் என்பதால் இல்லை. அளவுக்கு மீறி ஏற்றிய நீலம், கொஞ்ச நாள் உதிரத்தான் செய்யும். வெள்ளைப் புடவையோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள்.

முக்கோணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் உள்மடிப்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில் பாருங்கள். வெள்ளைக்கருவை நன்றாக அடித்து, நுரையை எடுத்துவிட்டு, தெளிந்ததைப் பஞ்சில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் வழவழப்பான மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். பழைய மினுக்கல் அப்படியே வரும் என்று சொல்லமாட்டேன். பக்கத்து இடத்தோடு சண்டை போடாத அளவுக்கு வரலாம்.

பாவாடையை மறுபடி முறுக்கிக் கட்டிவிடுங்கள் அக்கா, இன்றைக்கே. வஜ்ஜிரம் ஏறிய துணியை விரல்நகத்தால் கொசுவம் கொசுவமாக மடித்து, குறுக்கே நூலோட்டிக் கட்டி, ஆவி காட்டிக் காயவைத்து எடுத்த பாவாடை அது. கட்டாமல் விட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கொசுவம் ஒவ்வொன்றாகச் சோம்பல் முறித்துவிடும்.

---

ஊசிநூல்

தம்பி, கட்டிவிட்டேன். உங்கள் பதிலை இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை எழுந்துபோய், மாமியார் "புதுத்துணி" என்று பூஜை அறை பீரோவில் வைத்திருந்த சட்டையை எடுத்து என் தையல் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாட்டுத்தோல் விஷயத்தை வீட்டில் வாய் திறக்கப்போவதில்லை.

பட்டன் கதையை யாரும் சொல்லவில்லையே. இன்னொன்று, பொட்டலத்தில் முழு நீளத்துக்குச் சதுரத்தைச் சாய்த்துவைத்த மாதிரி ஒரு துண்டு இருந்தது, மேல் மூலையில் பூவேலை, கழுத்தில் கட்ட நாடா. சமையல் ஏப்ரன் என்று நினைத்து ஒதுக்கிவைத்திருந்தேன்.

---

தாழிநீலம்

ஏப்ரன் இல்லை அக்கா, அதுதான் உள்சட்டை! மார்புத்துணி. அதைக் கட்டி மேலே சட்டையைத் திறந்தபடி போடுவார்கள். பூவேலை வெளியே தெரியவேண்டும் என்பதால்தான் முன்பக்கம் திறந்திருக்கிறது. பட்டனை மறக்கவில்லை. கழுத்து நாடாவின் பின்நுனியில் எடைக்கு ஒரு வெள்ளி தொங்கும், இரண்டு பக்கமும் சுருள் சுற்றிய வளைவு. முன்னால் துணி இழுக்கும், பின்னால் வெள்ளி இழுக்கும், நடுவில் துணி நிற்கும். அதைப் பாட்டி கொடுத்திருக்கமாட்டார். வெள்ளி பெண்வழிச் சொத்து, பேத்திக்கு வைத்திருப்பார்.

---

பினாங்குத்தையல்

வணக்கம் அக்கா, நானும் தையல்காரிதான், பினாங்கு ஜார்ஜ் டவுனில். சும்மாவந்தவன் தம்பி சொன்ன ஒட்டிப்பிடிக்கிற கவுன் பற்றி நான்தான் எழுதணும், ஏனென்றால் 11 வருடம் ஒரு சீனப் பாட்டியிடம் அதை மட்டுமே தைத்தேன். இங்கே சியோங்சாம் என்போம், சீபாவ் என்றாலும் அதுதான். சீனப் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்னால் ராத்திரி ஒரு மணி வரைக்கும் மிஷின் ஓடும்.

தம்பி, "சீன உடை" என்றால் அதுதான் என்கிறீர்களே, அந்தச் சீபாவே முழுக்க ஹான் சீனர்கள் சொத்து இல்லை. "சீ" என்றால் கொடி. கொடிப்படைகளாகப் பிரிந்திருந்த மஞ்சு இனத்தாரின் அங்கி என்று பெயர். மஞ்சுக்கள் 1644இல் பெய்ஜிங்கைப் பிடித்துச் சிங் ஆட்சி நடத்தினார்கள். அடுத்த வருடமே ஹான் ஆண்கள் முன்னந்தலையை மழித்துப் பின்னல் விடவேண்டும் என்று உத்தரவு, மறுத்தால் தலையே போகும். உடையும் மாறியது. இன்றைக்கு நாம் பார்க்கிற சீபாவ் 1920களில் ஷாங்காயில் பிறந்தது. 1929இல் குடியரசு அரசாங்கம் பெண்களின் முறையான உடையில் அதையும் சேர்த்தது. ஆரம்பத்தில் அதுவும் நேர்வெட்டுதான், தொளதொளதான். உடம்பு வளைவுக்கு டார்ட் பிடிப்பதெல்லாம் மேற்கத்தித் தையல் வந்து சேர்ந்தபிறகு. பாட்டி எனக்கு முதல் மூன்று மாதம் கத்தரியே கொடுக்கவில்லை. பட்டன் கட்டத்தான் சொன்னார். பட்டுத்துணியில் கிராஸ் பட்டி வெட்டி, பசை தடவி மடித்து, கயிறாக்கி முடிச்சுப் போடணும். முடிச்சு ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு இறுகி வரணும். என் முதல் நூறு முடிச்சும் பாட்டியின் குப்பைக்கூடைக்குத்தான் போனது.

ஹான் சீனர்களின் பழைய உடை வேறு. ஹான்ஃபூ என்கிறார்கள். கழுத்தில் குறுக்கே ஒன்றின்மேல் ஒன்று போட்டு இடுப்பில் கட்டுவது. இடது மடிப்பு வலதுக்கு மேலே வரணும். மாற்றிப் போட்டால் அது பிணத்துக்கு. ஒருமுறை நாடகத்துக்கு வாடகை உடை கொடுக்கும்போது ஒரு பையனுக்கு நான் மாற்றிக் கட்டிவிட, பாட்டி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். ஆள் எதற்கும் அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை.

2003 நவம்பரில் செங்சோவ் நகரத்தில் வாங் லத்தியன் என்பவர் ஹான்ஃபூ போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். அதை எங்கள் பக்கத்துச் சிங்கப்பூர்ச் சீனப் பத்திரிகை எழுதியது. அதற்குப் பிறகு இளசுகளிடம் பிடித்துக்கொண்டது. இப்போது ஷான்டோங் மாகாணத்தில் சாவ் என்ற ஒரு மாவட்டமே இதைத் தைத்துத் தள்ளுகிறது. குதிரைமுகப் பாவாடை என்று ஒன்று, ஊசிநூல் அக்கா, உங்களுக்குப் பிடிக்கும். இரண்டு துண்டு, ஒரே இடுப்புப்பட்டி. முன்னும் பின்னும் மடிப்பில்லாத தட்டைப் பலகை, பக்கவாட்டில் மட்டும் கொசுவம். இடுப்பில் சுற்றிக் கட்டுவதுதான், மூடித் தைப்பதே இல்லை. 2022இல் ஒரு பெரிய பிரெஞ்சு நிறுவனம் அதே மாதிரி ஒன்றை விற்க, பாரீஸில் சீன மாணவர்கள் கடை வாசலில் நின்று சண்டைக்குப் போனார்கள். ஒரு பாவாடை மடிப்புக்காகச் சண்டை போடுகிற ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று, அரசாங்கக் கணக்கில் சீனாவில் 56 இனம். ஹான் மட்டும் நூற்றுக்கு 91 பேர். மீதி 55 இனமும் அந்த ஒன்பதுக்குள். டோங் மக்களே சுமார் 35 லட்சம் பேர். அதனால் சீன உடை எது என்று கேட்பது, இந்தியச் சாப்பாடு எது என்று கேட்பது மாதிரி.

---

சும்மாவந்தவன்

சரி அக்கா, தப்புதான். மொச்சைக்கொட்டை அளவில் முடிச்சா? படம் போடுங்கள்.

---

குன்மிங்கில்ஐந்துவருடம்

நானும் சீனாவில் மருத்துவம் படித்தவன், பக்கத்து யுன்னான் மாகாணம். அங்கே மட்டும் ஹான் தவிர 25 இனங்கள். துணிபற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஏமாந்த கதை ஒன்று உண்டு, அதை எழுதுகிறேன்.

முதல் லீவில் குய்சோவுக்குப் போய், மியாவ் மக்களின் பெரிய ஊரான ஷிஜியாங் பார்த்தோம். மலைச்சரிவில் ஆயிரம் மரவீடு. திருவிழா நாளில் பெண்கள் தலையில் எருமைக்கொம்பு மாதிரி அகலமாக விரிந்த வெள்ளிக் கிரீடம், கழுத்தில் அடுக்கடுக்காக வெள்ளி வளையம், சட்டை முதுகெல்லாம் வெள்ளித்தகடு. நடந்தால் சலசலவென்று ஓடைச் சத்தம். ஒரு சின்னக் கடையில் "மியாவ் வெள்ளி" என்று எழுதி வைத்திருந்த கழுத்தணியை அம்மாவுக்கு வாங்கினேன். அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் போய்விட்டு வந்தார், கழுத்தைச் சுற்றிப் பச்சை மாலை. ஊர் ஆசாரியிடம் கொண்டுபோனால், "செம்பும் நிக்கலும் தம்பி, வெள்ளி பார்வைக்குத்தான்" என்றார். அங்கே அந்தப் பெயரில் கடைகளில் விற்பது பெரும்பாலும் அந்தக் கலவைதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. உண்மையான வெள்ளி வேலைக்கு லெய்ஷான் மாவட்டத்தில் கொங்பாய் மாதிரி, வீட்டுக்கு வீடு கொல்லுப்பட்டறை இருக்கிற ஊர்கள் உண்டு. அந்தக் காலத்தில் வெள்ளிக்காசையே உருக்கித்தான் நகை செய்தார்களாம்.

யுன்னானில் எனக்குப் பிடித்தது டாலி பக்கத்துப் பாய் இனப் பெண்களின் தலையணி. வகுப்புத்தோழி ஒருத்தி விளக்கினாள். மேலே வெள்ளைக் குஞ்சம் மலைப்பனி, பூவேலை பூ, வளைந்த வடிவம் ஏரிமேல் நிலா, பக்கத்தில் தொங்கும் நூல்கற்றை காற்று. அந்த ஊரின் பேர்போன நான்கு காட்சியையும் தலையில் வைத்திருக்கிறோம் என்றாள். காற்று அடித்தால் கற்றை அவள் முகத்தில்தான் விழும், பேச்சு பாதியில் நிற்கும்.

---

தாழிநீலம்

மியாவ் என்றதும் ஒன்று சேர்க்கிறேன். டான்ஜாய் மாவட்டத்தில் தேன்மெழுகு வேலை பார்த்தேன். செப்புத்தகடு செருகிய சின்னக் கத்தியை உருகிய மெழுகில் தொட்டு வெள்ளைத்துணியில் நேராக வரைகிறார்கள். அடிக்கோடு, பென்சில், அளவுகோல் எதுவும் கிடையாது. கோலம் போடுகிற நம் ஊர்ப் பெண்களைத்தான் நினைத்துக்கொண்டேன், ஒரே வித்தியாசம், இது காலையில் அழியாது. நீலத்தில் முக்கிக் கொதிநீரில் மெழுகை எடுத்தால் வரைந்த இடம் வெள்ளை. எங்கே பார்த்தாலும் பட்டாம்பூச்சி. அவர்கள் கதையில் முதல் தாய் ஒரு பட்டாம்பூச்சி, மரத்திலிருந்து பிறந்தவள், 12 முட்டை இட்டாள், அதிலொன்றில் மனிதன் வந்தான். குழந்தையை முதுகில் கட்டும் துணியில் அந்தப் பட்டாம்பூச்சி கட்டாயம் இருக்கும்.

---

ஊசிநூல் (எட்டு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தம்பி சொன்னபடி உள்மடிப்பில் வெள்ளைக்கரு பூசிப் பார்த்தேன். முதல் தடவை கனமாகப் பூசிவிட்டேன், காய்ந்ததும் வார்னிஷ் அடித்த கதவு மாதிரி வெடித்தது. இரண்டாம் தடவை மெல்லிசாகப் பூசி, சப்பாத்திக் கட்டையால் தட்டினேன். பரவாயில்லை, மினுங்குகிறது. ஆனால் மேலே அந்த முக்கோணத்தில் கை வைக்கத் துணிச்சல் வரவில்லை.

அதற்கு நடுவில் சட்டையை நியூஸ்பேப்பரில் பிரதி எடுத்தேன். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. 14 அங்குலப் பன்னாவை அப்படியே வைத்து, முதுகுக்கு இரண்டு பட்டை, அவை தோளில் மடிந்து முன்னுக்கும் வருகின்றன. கை நேர்க்குழாய். அக்குள் பக்கம் சட்டை விரிய வைத்திருக்கும் முக்கோணத் துண்டு, கழுத்தில் வெட்டியெடுத்த அதே துண்டு! கரையைக்கூட வெட்டவில்லை, கரையோடு கரை வைத்துத் தைத்திருக்கிறார், அதனால் ஓவர்லாக் தேவையே இல்லை. வெள்ளைப் பாப்லினில் நான் ஒன்று தைத்துப் பார்த்தேன். முடிந்ததும் தரையைப் பெருக்கினால் கைப்பிடி வெட்டுத்துண்டுகூட இல்லை. என் கடையில் ஒரு ரவிக்கைக்கு விழுகிற துண்டில் இரண்டு கைக்குட்டை தைக்கலாம். இத்தனை வாரம் நெய்து, முக்கி, அடித்த துணியில் வளைவு வெட்ட யாருக்கு மனசு வரும்?

பெண்ணிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், உடனே முக்கோணத்தைப் படம் பிடித்து அந்த நர்ஸ் பெண்ணுக்கு வீசாட்டில் அனுப்பிவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. மறுநாள் பாட்டியின் குரல் வந்தது, அவர்கள் பாஷையில், அரை நிமிஷம். பாதியிலேயே சிரிப்பு. பின்னால் டொக் டொக் என்று யாரோ அடிக்கிற சத்தம், தம்பி நீங்கள் எழுதியிருந்தீர்களே, அது. நர்ஸ் பெண் சீனத்தில் சொல்ல, என் பெண் தமிழில் சொன்னாள்: "இஸ்திரியா வைத்தாள்? தையல்காரி என்றாயே! சுத்தியால் அடிக்கச் சொல். வராவிட்டால் இலையுதிர்காலத்தில் அனுப்பிவை, கையை மட்டும் பிரித்து மறுபடி தாழியில் போட்டுத் தருகிறேன்."

கையை மட்டும் பிரிக்கிற மாதிரிதான் அந்தத் தையலும் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஒரே நூலோட்டம், நுனியை இழுத்தால் வந்துவிடும்.

தம்பி தாழிநீலம், அவர்கள் சுத்தி எந்த மரம்? இங்கே புளியமரத்தில் கடைந்தால் போதுமா?

---

தாழிநீலம்

மரம் பெயர் கேட்டுவைக்கவில்லை அக்கா. ஆனால் நல்ல கனம், நார் தெரியாத வழவழப்பு. புளி சரிதான், சிராய் மட்டும் இருக்கக்கூடாது, எண்ணெய் தடவி நாலு நாள் வெறும் துணியில் அடித்துப் பழக்குங்கள். நான் அங்கிருந்து கொண்டுவந்த சுத்தி ஒன்று பட்டறையில் இருக்கிறது. அடுத்த வாரம் கடலூர் வருகிறேன், வழியில் கொடுத்துவிட்டுப் போகிறேன். அந்தப் பாப்லின் சட்டையையும் எடுத்துவையுங்கள், என் தாழியில் முக்கிப் பார்ப்போம்.